எண்ணிய பின்னரே அகற்ற வேண்டும்

லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குக் கடைத்தெரு இரண்டு. அன்றாடக் காய்கறிக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய பஜார். நாள் கிழமை, விசேஷம் என்றால் தண்டவாளத்தையும் ஏரியையும் தாண்டி லேக் மார்க்கெட். வாழையிலை, தொடுத்த பூ, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய் என்று நம் சமையலறைக்கும் பூஜையறைக்கும் வேண்டியவை அங்கே கிடைக்கின்றன. இவற்றை நமக்கு விற்பவர்களில் பலர் கதவும் பூட்டும் உள்ள கடைக்காரர்கள் அல்லர். நடைபாதையில் சாக்கை விரித்து, கூடையை முன்னால் வைத்து உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களைப் பற்றி மாநகராட்சியும் அரசும் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் நம் வீட்டு அடுப்படி வரை வந்து சேருகிறது. ஆனால் அந்த முடிவுகளைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. இனியும் அப்படி இருக்கலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்ததை நம் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 24 அன்று நபன்னாவில் நடந்த கூட்டத்தில் அன்றைய முதல்வர் மம்தா பானர்ஜி, நகராட்சிகள் ஆக்கிரமிப்புகளைக் கண்டுகொள்ளவில்லை என்று கடிந்துகொண்டார். அடுத்த இரண்டு மூன்று நாள்களில் நகரின் பல பகுதிகளில் போலீசாரும் புல்டோசர்களும் இறங்கி நடைபாதைக் கடைகளை அகற்றினர். ஜூன் 27 அன்று முதல்வரே, வியாபாரிகளுக்கு ஒரு மாத அவகாசம் தருவதாகவும், அதற்குள் கணக்கெடுப்பு நடத்தப்படும் என்றும் அறிவித்தார். முதலில் இடிப்பு, பிறகு அவகாசம், அதற்கும் பிறகு கணக்கெடுப்பு. மருந்தைக் கொடுத்துவிட்டு நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

பழைய பாடம்

இது இந்நகருக்குப் புதிதன்று. 1996 நவம்பர் 24 இரவில், அப்போதைய இடதுசாரி அரசும் மாநகராட்சியும் சேர்ந்து 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் கல்கத்தாவின் முக்கியத் தெருக்களிலிருந்து நடைபாதை வியாபாரிகளை அகற்றின. கடியாஹாட் பக்கம் அன்று போனவர்கள் உடைந்த பலகைகளும் கிழிந்த தார்ப்பாய்களும் கிடந்த காட்சியைக் கண்டிருப்பார்கள். போக்குவரத்து அமைச்சராக இருந்த சுபாஷ் சக்கரவர்த்தியும் மாநகராட்சியின் காந்தி கங்கூலியும் முன்னின்று நடத்திய காரியம் அது. மறு ஆண்டே, 1997இல், மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி, நடைபாதையில் கடை போடுவதை ஜாமீன் கிடைக்காத குற்றமாகவும் ஆக்கினார்கள்.

பலன் என்ன? சில ஆண்டுகளில் கடைகள் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டன. சட்டம் கடுமையாக இல்லாததால் அல்ல. வாங்குபவர்கள் அங்கேயே இருந்ததால். மாற்று இடம் என்று காட்டப்பட்டவை பலவும் ஆள் நடமாட்டம் இல்லாதவை. பூ விற்பவர் பூ வாங்குகிறவர் வரும் வழியில்தான் உட்கார முடியும். காலையில் பறித்த பூ மாலைக்குள் விற்றாக வேண்டும் அல்லவா?

இடதுசாரிகள் ஆண்டபோது ஒரு முறை. 2011இல் ஆட்சி மாறி வந்தவர்கள் ஆண்டபோது மறுபடியும் ஒரு முறை. 1996இல் இவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களே 2024இல் புல்டோசரை அனுப்பினார்கள். ஆகவே இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. எந்தக் கட்சி வந்தாலும், நகரை அழகுபடுத்தும் எண்ணம் எழுந்தவுடன் முதலில் கண்ணில் படுகிறவர் நடைபாதையில் இருப்பவர்தான்.

அவர் ஏன் அங்கே வந்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். நம் பகுதிக்குத் தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் உஷா மின்விசிறியும் தையல் இயந்திரமும் செய்த ஜெய் இன்ஜினியரிங் ஆலை ஒரு காலத்தில் இயங்கியது. இன்று அந்த நிலத்தில் சவுத் சிட்டி அடுக்குமாடிகளும், 2008இல் திறக்கப்பட்ட வணிக வளாகமும் நிற்கின்றன. இந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் இப்படி மூடப்பட்ட ஆலைகள் பல. வேலை இழந்த தொழிலாளர்களில் எத்தனையோ பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தேசப் பிரிவினையின்போது அனைத்தையும் இழந்து வந்தவர்களுக்கும் இதே நடைபாதைதான் முதல் கடையாக இருந்தது. அரசு வேலை கொடுக்கவில்லை, அவர்களே தேடிக்கொண்டார்கள்.

சட்டம் சொல்வது

நடைபாதை வியாபாரம் வெறும் சலுகை அன்று. 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமையில் அடங்கும், ஆனால் அதை நியாயமான முறையில் ஒழுங்குபடுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. 2014இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே இயற்றியது. அதன் சாரத்தை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

வியாபாரிகள் அனைவரையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பைப் புதுப்பிக்க வேண்டும். நகர விற்பனைக் குழு ஒன்றை அமைத்து, அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் சுமார் 45 லட்சம் பேர். அதில் இரண்டரை சதவீதம் என்றால் ஏறத்தாழ 1 லட்சத்து 12 ஆயிரம் பேருக்குச் சட்டப்படி இடம் உண்டு.

இந்தச் சட்டம் வந்து பத்தாண்டு ஆன பிறகுதான், 2024இல், இடிப்புக்குப் பின் கணக்கெடுப்பு என்று அறிவிக்கிறார்கள். நம் வீட்டு வரி ஒரு காலாண்டு தாமதமானால் அபராதம் போடும் மாநகராட்சி, தன் கடமையில் பத்தாண்டு தாமதிக்கலாமா?

சான்று என்பது வெறும் காகிதமன்று. கொரோனாக் காலத்தில், 2020 ஜூன் மாதம், மத்திய அரசு தெரு வியாபாரிகளுக்கென்று 'ஸ்வநிதி' கடன் திட்டத்தைத் தொடங்கியது. ஈடு எதுவும் கேட்காமல் முதலில் 10,000 ரூபாய், ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் 20,000, பிறகு 50,000 என்று வங்கி கொடுத்தது. வட்டியில் ஏழு சதவீதம் மானியம். 2025 ஆகஸ்டில் இத்திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டி, முதல் தவணையை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தினார்கள். இதைப் பெற வியாபாரியின் கையில் சான்றோ அடையாள அட்டையோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ இருக்க வேண்டும். அது இல்லாதவர் யாரிடம் போவார்? காலையில் கொடுத்து மாலையில் வட்டியோடு பிடுங்குபவரிடம்தான். அதற்கு மேல், வங்காளத்தில் 'தோலா' என்று சொல்லும் மாமூல் வேறு. சான்று இருப்பவரிடம் மாமூல் கேட்கச் சிறிதாவது தயங்குவார்கள். கணக்கிலேயே இல்லாதவரிடம் தயக்கம் எதற்கு?

நடப்பவர்களின் நியாயம்

நடைபாதை நடப்பதற்கு இல்லையா என்று நம் பெரியவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. முழங்கால் வலியோடு இருக்கும் மாமி ஒருவர், நடைபாதையில் இடமின்றிப் பேருந்துகளுக்கு நடுவே இறங்கி நடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். 2019 ஜனவரியில் கடியாஹாட் சந்திப்பில் பெரிய கட்டிடத்தில் தீப்பிடித்தபோது, நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் கூரைகள் ஆபத்தைப் பெருக்கின என்ற பேச்சு எழுந்தது. அதன் பின் அங்கே அந்தக் கூரைகளை மாற்றச் செய்தார்கள்.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. நடைபாதையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வியாபாரிக்கு, இரு பங்கு நடப்பவருக்கு என்பதே இந்நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. இந்த விதியை நடைமுறைப்படுத்த ஒரு வாளி மஞ்சள் பெயின்டும், வாரம் ஒரு முறை வந்து பார்க்கும் ஒரு அதிகாரியும் போதும். கோட்டைப் போட்டு, கோட்டுக்குள் யார் யார் என்று எழுதி வைத்தால், புதிதாக வந்து வழியை அடைப்பவரைத் தடுக்க உள்ளே இருப்பவர்களே முன்வருவார்கள். கணக்கு இல்லாத இடத்தில்தான் கட்சிக்காரர் புதுப்புது ஆள்களை உட்கார வைக்கிறார். ஆகவே கணக்கெடுப்பு வியாபாரிக்கு எவ்வளவு பாதுகாப்போ, நடப்பவருக்கும் அவ்வளவு பாதுகாப்பு.

கட்டிடம் கட்டினால் போதுமா?

'எல்லோரையும் ஒரு கட்டிடத்துக்குள் அனுப்பிவிட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. நம் உறவினர்கள் வாழும் சென்னையில் இது நடந்து பார்த்தாயிற்று. தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை 2013இல் மாநகராட்சி கட்டிய அடுக்கு வளாகத்துக்கு மாற்றினார்கள். 2019 நவம்பரில் அதே சாலையில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே நடப்பதற்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் படியேறி மேலே வந்து வாங்க ஆளில்லை என்று வளாகத்துக்குப் போன வியாபாரிகள் முறையிட்டார்கள். நூறு ரூபாய் ரவிக்கைத் துணிக்கும் இருபது ரூபாய் வளையலுக்கும் யார் மாடி ஏறுவார்கள்? வழியில் கண்ணில் பட்டால் வாங்குவோம். மாற்று இடம் தருவது சரியே. அது கால்கள் போகும் வழியில் இருக்க வேண்டும்.

நம் லேக் மார்க்கெட்டே இன்னொரு உதாரணம். ராஷ்பிஹாரி அவென்யூவில் மாநகராட்சியின் பழைய சந்தை இருந்த இடத்தில் தனியார் பங்கேற்போடு எழுந்தது லேக் மால். மேலே சினிமா, பெரிய கடைகள். குளிர்சாதனம், மின்படிக்கட்டு எல்லாம் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயினும் நாம் வாழையிலை வாங்க இன்றும் மின்படிக்கட்டு ஏறுவதில்லை. பொதுச் சொத்தான சந்தையை மாற்றியமைக்கும்போது மாநகராட்சியும் கட்டுநரும் பேசிக்கொள்கிறார்கள். அங்கே விற்பவரையும் வாங்குபவரையும் அந்த மேசையருகே உட்கார வைப்பதில்லை. மேம்பாலமோ நடைபாதையோ சந்தையோ, எதைக் கட்டினாலும் திட்டத்திலேயே சிறு வியாபாரிக்கு இத்தனை அடி என்று ஒதுக்கிவிட்டால், பின்னால் ஆக்கிரமிப்பு என்ற பேச்சுக்கே இடமிராது.

நாம் செய்ய வேண்டியது

'நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர் வம்பு நமக்கெதற்கு' என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அலுவலக மாற்றலில் வந்து இரண்டு மூன்றாண்டில் திரும்பியவர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். மூன்று தலைமுறையாக இங்கேயே பிறந்து, படித்து, வீடு வாங்கி, வரி கட்டி, வாக்களிக்கும் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. வாழைப்பூவை 'மோச்சா' என்றும் வாழைத்தண்டை 'தோட்' என்றும் சொல்லி நம்மைப் போலவே விரும்பி உண்ணும் வங்காளிகளோடு சேர்ந்து பேச வேண்டிய பொது விஷயம் இது.

சங்கம் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை. முதலாவது, நம் வட்டாரக் கவுன்சிலருக்குக் கடிதம்: வார்டில் கணக்கெடுப்பு எந்த அளவில் இருக்கிறது, எத்தனை பேருக்குச் சான்று வழங்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்போம். இரண்டாவது, 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனைக் குழுவில் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் இடம் உண்டு. நம் சங்கமும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து அந்த இடத்தைக் கேட்கலாம். மூன்றாவது, நம் பிள்ளைகள் வங்காளியிலும் ஆங்கிலத்திலும் தேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பூக்காரருக்கும் கீரைக்காரருக்கும் சான்றுக்கும் கடனுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

கணக்கெடுத்து, சான்று கொடுத்து, கோடு போட்டு, இடம் காட்டிய பிறகும் ஒருவர் வழியை அடைத்தால் அவரைத் தாராளமாக அகற்றட்டும், நாமும் ஆதரிப்போம். அதற்கு முன் புல்டோசர் வந்தால், அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லும் முதல் கடிதம் நம் சங்கத்திலிருந்து போக வேண்டும். வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அன்பர்கள் ஆதரவளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.