டிரைவர் இல்லாத ரயில்

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் என் சகதர்மிணியை நான் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் கன்னியாகுமரி. அந்தப் பழியைத் துடைக்கத்தான் சிங்கப்பூர் கிளம்பினோம். "வண்டியூர்லேருந்து சிங்கப்பூரா!" என்று எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளந்தபோது, எனக்கு நெஞ்சு ரெண்டு இன்ச் விரிந்தது சார்.

ஒரு மாதமாக ஆபீஸில் ஃபைலுக்கு அடியில் வைத்து 'முதல் நாள் புரோகிராம்' தயாரித்திருந்தேன். முதல் விதி: அவள் என் பின்னாலேயே வரவேண்டும். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் என் இடுப்புப் பையில். அவள் கையில் ரயில் கார்டு, தண்ணீர் பாட்டில்.

காலையில் லிட்டில் இந்தியா. சிராங்கூன் ரோட்டைப் பார்த்ததும் அம்மணி முகம் சுண்டிவிட்டது. "ஏங்க, நம்ம டவுன்ஹால் ரோடு மாதிரில்ல இருக்கு? இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்?" தேக்கா மார்க்கெட் பக்கம் மல்லிகைச் சரம் விலை கேட்டு, மனசுக்குள் ரூபாயாகப் பெருக்கினாள். "பூவை மட்டும் தருவாங்களா, கடையையும் சேர்த்தா?"

அடுத்த அயிட்டம், சைனாடவுனில் ஸ்ரீ மாரியம்மன் கோயில். அந்த ஊரிலேயே பழைய இந்துக் கோயில். ரயிலுக்கு நிற்கும்போதே லெக்சரை ஆரம்பித்தேன். "1819-ல ராஃபிள்ஸோட பினாங்குலேருந்து வந்த நாராயண பிள்ளை, 1827-ல ஆரம்பிச்ச கோயில். அவரு இங்க செங்கல் சூளை வச்சிருந்தவரு. நம்ம தெப்பக்குளமும் திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணு தோண்டின பள்ளம்னுதானே சொல்றாங்க? அங்கயும் செங்கல், மாரியம்மன். இங்கயும் செங்கல், மாரியம்மன்!"

"அப்ப கோயிலைச் செங்கல்லதான் கட்டினாரா?"

"இல்ல... முதல்ல மரமும் ஓலையும்தான்."

"செங்கல்லெல்லாம் ஊருக்கு, கூரை சாமிக்கா?"

பதில் யோசிப்பதற்குள் ரயில் வந்தது. ஏறினேன். "இதுல ஒரு விசேஷம், டிரைவரே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்!

நம்மூர் பஸ்ஸாக இருந்தால் 'ஹோல்டான்' என்று ஒரு தட்டு தட்டலாம். டிரைவரே இல்லாத வண்டியில் யாரைப் பார்த்துக் கத்துவது?

அடுத்த ஸ்டேஷன் டோபி காட்டில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து ஓடி வந்தால், பிளாட்பாரத்தில் அவளைக் காணோம். கையில் காசில்லை, போனில்லை. ஏ.சி.யிலும் சட்டை நனைந்துவிட்டது. ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் தமிழர். அக்கறையாகக் கேட்டார், "என்ன கலர் சேலை சார்?"

எனக்கு 1819 ஞாபகம் இருந்தது. 1827 ஞாபகம் இருந்தது. சேலை ஞாபகம் இல்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே!

"எங்க போறதா இருந்தீங்க?" என்றார். சொன்னேன். "முதல்ல அங்க போய்ப் பாருங்க."

போனேன். கோபுர வாசலில், தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்த மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"தைப்பூசத்துக்குத் தெப்பம் பார்க்கப் போயிக் கூட்டத்துல தொலைஞ்சா எங்க நிப்போம்? மாரியம்மன் கோயில் வாசல்லதானே? அடுத்த ரயில்ல ஏறினேன். போர்டுல தமிழ்லயே சைனாடவுன்னு போட்டிருந்துச்சு, இறங்கினேன். வழியில விசாரிச்சுக்கிட்டே வந்துட்டேன். நீங்க ஏன் இப்படி வேர்த்து நிக்கிறீங்க?" என்று பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அப்போதுதான் பார்த்தேன். அரக்குக் கலர் சுங்குடி. போன தீபாவளிக்கு நானே எடுத்துக்கொடுத்தது.

மத்தியானத்துக்கு மேல் புரோகிராமில் ஒரே ஒரு திருத்தம். அவள் முன்னால், நான் பின்னால். சிங்கப்பூரில் என்னென்ன பார்த்தாய் என்று ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள். அரக்குச் சுங்குடி பார்த்தேன் என்றால் நம்பவா போகிறார்கள்?