செவியும் மானியும்

முற்காலத்திலே எமது ஊர்ப் பரியாரியார் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்களை மூடிக்கொள்வார். சிறிது நேரத்தின் பின், "இரவு நித்திரை இல்லைப்போலும்" என்பார். வீட்டார் வியந்து நிற்பர். பின்னர் வெப்பமானி வந்தது. விரலறிவு அதனால் வீணாயிற்றா, அன்றித் துணை பெற்றதா என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வினாவை மீண்டும் எம் மனத்தில் எழுப்பியது ஒரு மோட்டார் வண்டியின் கதை.

எமது தமக்கையின் மகன் இங்கிலாந்திலே பொறியியல் பயில்கின்றான். அவனுடைய அயல்வீட்டு முதியவரிடம் 1965ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊரிலே, 1962 முதல் 1980 வரை, இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்திற்கு மேற் செய்யப்பட்டன. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து ஊட்டுவன இரண்டு எஸ்.யூ. காபுரேற்றர்கள். அவற்றின் நுட்பம் எளிமையானது. எஞ்சின் காற்றை உறிஞ்ச, உள்ளேயுள்ள உருளை மேலெழும். அதனோடு கூம்பிய ஊசி ஒன்றும் எழுந்து, பெற்றோல் வரும் துளையைத் திறந்துவிடும். அடியிலுள்ள நட்டினைத் திருகினாற் கலவை செறியும் அல்லது மெலியும்.

அம்முதியவர் நாற்பது ஆண்டுகளாக இந்நட்டினைச் செவியாலேயே திருத்தி வந்தவர். எஞ்சினின் ஓசை சீராகும்வரை திருகுவார். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதன் முனை வெளிறிய மண்ணிறமாயிருந்தால் மகிழ்வார். இப்படியிருக்க, ஒரு கோடைகாலத்தில் நீண்டதோர் ஏற்றத்திலே பிஸ்டன் ஒன்றின் தலை உருகித் துளை விழுந்தது. செலவு பெரிது, அதனினும் பெரிது மனத்துயர். "என் காது கிழடாகிவிட்டது. இனி இந்தக் காரை வைத்திருக்க எனக்குத் தகுதியில்லை" என்று கூறி, விற்றுவிடத் துணிந்தாராம்.

அப்பொழுதுதான் எம் மருமகன் ஒரு யோசனை சொன்னான். புகைக்குழாயிலே ஒட்சிசன் உணரி ஒன்றைப் பொருத்தினால், எரிந்த புகையில் எஞ்சிய ஒட்சிசனைக் கொண்டு கலவையின் விகிதத்தை எண்ணாகவே காணலாம் என்றான். இவ்வுணரியின் முன்னோடி 1976ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில் முதன்முதல் வந்தது. பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஒரு பங்கிற்கு நிறையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஏற்றத்தில் முழுவலுவையும் கேட்கும்போதோ, காற்று ஏறத்தாழ 13 பங்காகக் குறைந்து பெற்றோல் மிகுந்திருத்தல் நன்று. மிகுந்த பெற்றோல் சூட்டைத் தணிக்கும். அது குறையுமாயின் பிஸ்டனுக்கு ஆபத்து.

முதியவர் முதலில் இணங்கவில்லை. பழைய காரிலே புதிய கருவியைப் பூட்டுவது பாட்டியின் காதிலே பிளாஸ்டிக் தோடு மாட்டுவது போல அவருக்குத் தோன்றியது. மானியைக் கையுறைப் பெட்டிக்குள் மறைத்து வைப்பதாக வாக்களித்த பின்னரே சம்மதித்தார்.

வேலையும் எளிதாயிருக்கவில்லை. 1965ஆம் ஆண்டுக் காரிலே பற்றரியின் நேர்முனையே உடற்பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும்; இக்காலக் கருவிகளோ எதிர்முனை அவ்வாறிருப்பதையே எதிர்பார்ப்பன. அதனை நோக்காது கம்பியைப் பூட்டினாற் கருவி கணப்பொழுதிற் கருகிப்போம். ஆகவே பற்றரியின் இணைப்பை மாற்றினர். டைனமோவின் முனைமையைத் திருப்பினர். சுழற்சிமானியின் உள்ளிணைப்பையும் மாற்றினர். நீர்த்துளி தங்காதவண்ணம் உணரியைப் புகைக்குழாயிலே சற்று மேல்நோக்கிப் பொருத்தினர்.

பின்னர் அதே ஏற்றத்திற்குச் சென்றனர். எஞ்சின் இனிமையாகவே பாடியது. முதியவரின் செவிக்குக் குறையொன்றும் தெரியவில்லை. இளைஞனின் செவிக்கும் தெரியவில்லை! மானியோ 15ஐத் தாண்டி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர்.

காரணம் பெற்றோலில் இருந்தது. பிரித்தானியாவிலே 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் சாதாரண பெற்றோலில் எதனோல் என்னும் மதுசாரத்தின் அளவு பத்து வீதம்வரை உயர்த்தப்பட்டது. எதனோல் தன்னுள்ளே ஒட்சிசனைக் கொண்டது. எனவே பழைய ஊசி அளந்து கொடுக்கும் கலவை முன்னையினும் மெலியும். பழைய கார்கள் ஐந்து வீத வகையையே இடுதல் தகும் என்று அரசாங்கமும் அறிவுறுத்தியிருந்தது. முதியவர் அதனைக் கவனித்திலர். அவர் செவி கிழடாகவில்லை. அது கற்ற பாடத்தின் பொருளே மாறிவிட்டது. இச்செய்தியைக் கேட்டபோது அவர் கண் கலங்கிற்று என எம் மருமகன் எழுதியிருந்தான்.

அவர்கள் பெற்றோலை மாற்றினர். சற்றுச் செறிந்த கலவை தரும் ஊசியையும் மாற்றினர். ஏற்றத்தில் எண் 13க்கு அண்மையில் நின்றது. கதை இத்துடன் முடிந்திருந்தால் வெற்றி மானிக்கே என்போம். ஆனால் இரு மாதங்களின் பின் மானி மீண்டும் மெலிவைக் காட்டியது. நட்டினைத் திருக இளைஞன் கையை நீட்டினான். முதியவரோ, "பொறு" என்று கூறிக் குனிந்து கேட்டார். புகைக்குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் மெல்லிய "டிக் டிக்" என்னும் ஓசை. அங்கே ஒரு சிறு கசிவு; அதன்வழி வெளிக்காற்று உட்புகுந்து உணரியை ஏமாற்றியிருக்கின்றது! திருகியிருந்தால் நல்ல கலவை கெட்டிருக்கும்.

இக்காலக் கார்களிலே உணரி கணினிக்குச் சொல்லும். கணினி உடனே திருத்தும். இப்பழைய காரிலோ உணரி மனிதனுக்கு மட்டுமே சொல்லும். நம்புவதும் ஐயுறுவதும் நட்டினைத் திருகுவதும் அவன் கடமை. அளப்பது வேறு, ஆள்வது வேறு.

மாணவ அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக. கருவி சொல்வது உண்மையாயிருந்தாலும், அது எதனை அளக்கின்றது என்பதை அறியாதவனுக்கு அவ்வுண்மை பயன்படாது. முதியோரும் ஒன்றை நினைவிற் கொள்ளலாம்: உலகம் மாறுகையில் நமது அனுபவத்தையும் இடையிடையே ஒத்துப்பார்த்தல் இழுக்கன்று.

கார் விற்கப்படவில்லை. முதியவர் இப்பொழுதும் செவியாலேயே ஓட்டுகின்றார். மாதமொருமுறை மாத்திரம் கையுறைப் பெட்டியைத் திறந்து மானியை எட்டிப் பார்க்கின்றாராம்.