எழுத்தைப் பார்த்து ஷாஃப்ட் வாங்காதீர்கள்

அறுபதைத் தாண்டிய கோல்ஃப் ஆட்டக்காரர் புது டிரைவர் வாங்கப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. இத்தனை காலம் ஆடிய 'ஸ்டிஃப்' ஷாஃப்டை விட மனமில்லாமல் அதையே மறுபடி கேட்கிறார். இல்லையென்றால், வயதைத் தெரிந்துகொண்டதுமே விற்பவர் 'சீனியர்' ஷாஃப்டை எடுத்து நீட்டுகிறார். இரண்டுமே தவறு. விறைப்பைக் குறிக்க ஷாஃப்டில் அச்சிட்டிருக்கும் ஏ (சீனியர்), ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) எழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'ஆர்' இன்னொன்றின் 'எஸ்' அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். வயதானவர் முதலில் எடையையும், அடுத்து நீளத்தையும், அதற்குப் பிறகே விறைப்பையும் பார்க்க வேண்டும்.

பழைய எஃகு ஷாஃப்டுகள் 110 கிராமுக்கு மேல் இருந்தன; இன்றைய கிராஃபைட் டிரைவர் ஷாஃப்டுகள் 40 கிராமிலிருந்து 70 கிராமுக்குச் சற்று மேல் வரை கிடைக்கின்றன. இடுப்பும் தோளும் முன்போலத் திரும்பாத உடம்புக்கு இந்த எடைக் குறைவு பெரிய உதவி. பதினெட்டாவது குழியிலும் கை தளராது. அப்படியானால் இருப்பதிலேயே இலேசானதை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. எடை அளவுக்கு மீறிக் குறைந்தால், ஸ்விங்கின் உச்சியில் மட்டை எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது, கை முந்திக்கொள்ளும். டிரைவரின் முகத்தில் பவுடர் ஸ்ப்ரே அடித்துப் பத்துப் பந்துகள் ஆடிப் பாருங்கள். தடங்கள் நடுவில் நெருங்கி விழுந்தால் எடை சரி. குதிப்பக்கமும் நுனிப்பக்கமும் சிதறினால் சற்றுக் கனமானதற்குத் திரும்புங்கள்.

நீளம் கூடினால் தூரம் கூடும் என்பார்கள். 2021-இல் ஃபில் மிக்கெல்சன் ஐம்பது வயதில், ஏறத்தாழ 48 அங்குல டிரைவரோடு பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் வென்றதைச் சான்று காட்டுவார்கள். அவர் வாழ்நாள் தொழில்முறை ஆட்டக்காரர். வேகத்துக்கென்றே பயிற்சி எடுத்தவர். வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு, கடையில் வழக்கமாகக் கிடைக்கும் 45½ அங்குலமே பல நேரம் அதிகம். அரை அங்குலம் இறக்கிப் பிடித்து ஆடிப் பார்த்தாலே பந்து நடுவில் படுவது கூடுகிறதா என்று தெரிந்துவிடும். அதற்குக் காசு செலவில்லை.

மென்மையான ஷாஃப்ட் பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும் என்ற அச்சமும் உண்டு. வலக்கை ஆட்டக்காரர்களில், மட்டையை மேலிருந்து வெடுக்கென்று இறக்குபவருக்கு அது பொருந்தும். நிதானமாகச் சுழற்றுபவருக்குப் பொருந்தாது. மணிக்கு 80 மைல் ஸ்விங் வேகமுள்ள இருவருக்கு வேறு வேறு ஷாஃப்ட் தேவைப்படுவது இதனால்தான். பந்து போதிய உயரம் எழவில்லை என்றால் ஷாஃப்டைக் குறை சொல்லும் முன் லாஃப்டை, அதாவது மட்டை முகத்தின் சாய்வுக் கோணத்தைப் பாருங்கள்; மெதுவான ஸ்விங்குக்கு 9 டிகிரியைவிட 12 டிகிரி கைகொடுக்கும்.

வாங்குமுன், அடித்த பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் உள்ள இடத்தில் பழைய டிரைவரையும் புதியதையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். மிகச் சிறந்த ஒரு அடியை மறந்துவிட்டுச் சராசரியைப் பாருங்கள். அந்தச் சராசரி எந்த ஷாஃப்டைச் சிறந்ததாகக் காட்டுகிறதோ, அதில் எந்த எழுத்து இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள்.