பாலத்தின் செலவில் சேராத கணக்கு



2022 செப்டம்பரில் காவிரிப் பாலம் மூடப்பட்டபோது, திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் தினமும் போய்வந்தவர்கள் பட்டபாட்டை மறந்திருக்க மாட்டோம். 1976-இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தைச் சுமார் 7 கோடி ரூபாயில் பழுதுபார்த்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். பின்னர் அதன் அருகிலேயே 106 கோடி ரூபாய் மதிப்பில் புதிய பாலத்துக்கான பணியும் தொடங்கியது. மாம்பழச்சாலை நெரிசலைப் பார்த்தவர் எவரும் அது வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் இவ்விரு தொகைகளிலும் சேராத செலவு ஒன்று உண்டு.

சாலையால் வரும் மாசு என்றால் வாகனப் புகைதான் நம் நினைவுக்கு வருகிறது. முதல் வண்டி ஓடுவதற்கு முன்பே சிமெண்ட், கம்பி, தார், ஜல்லி ஆகியவற்றைத் தயாரிப்பதிலும் ஏற்றி வருவதிலும் வெளியான கரியமில வாயு அந்தச் சாலையின் கணக்கில் ஏறிவிடுகிறது. இதில் சிமெண்டின் பங்கு பெரிது. நம் மாவட்டத்து டால்மியாபுரத்தில் 1939-லிருந்தே சிமெண்ட் ஆலை இருக்கிறது; அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஒரு டன் கிளிங்கர் உருவாகும்போது 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்து வருவதல்ல, சுடும்போது சுண்ணாம்புக்கல்லே வெளிவிடுவது. எனவே சூளைக்கு எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, சிமெண்டின் கலவையே மாறவேண்டும்.

இதற்கு வரம்பு வைக்கலாமா? தொடக்கம் ஆகிவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு, ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாக வாயு வெளியானால்தான் அது 'பசுமை எஃகு' என்று வரையறுத்தது. 2025 அக்டோபரில் சிமெண்ட் ஆலைகளுக்கும் இலக்குகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் இவை விற்பவருக்கானவை. வாங்குபவர் என்ன கேட்கிறார்? நம் சாலை டெண்டர்களில் விலைதான் பேசுகிறது. நெதர்லாந்தில் நெடுஞ்சாலைத்துறை சுற்றுச்சூழல் பாதிப்பையும் பணமாகக் கணக்கிட்டுத் தரச்சொல்கிறது. பாதிப்பு குறைந்தால் ஒப்பீட்டில் அந்த ஒப்பந்தக்காரருக்குச் சலுகை. பெரிய சாலையைத்தான் வாங்குகிறோம், கத்தரிக்காய் வாங்கும் அளவுக்காவது கேள்வி கேட்கக் கூடாதா!

வழிகள் எட்டாதவையும் அல்ல. மேட்டூர், நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சிமெண்டில் 35 விழுக்காடு வரை சேர்க்க நம் தரக்குறியீடே அனுமதிக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த புதுவகைச் சிமெண்டை உருவாக்கியதில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு, அதற்கு 2023-இல் இந்தியத் தரக்குறியீடும் கிடைத்தது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். சுரண்டிய தாரும் ஜல்லியும் மீண்டும் சாலைக்கே பயன்பட்டால் கல்குவாரிக்கும் வேலை குறையும்.

ஆனாலும் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். வரம்புக்காகக் கலவையில் கைவைத்து, இரண்டே மழையில் பெயர்ந்துபோகும் சாலையைப் போட்டால் மறுபடியும் தார், மறுபடியும் ஜல்லி. மொத்தத்தில் வாயு கூடத்தான் செய்யும். 7 கோடியில் பாலத்தைப் பழுதுபார்த்தது இந்தக் கண்ணோட்டத்திலும் நல்ல வேலை. இன்னொன்று, கணக்கெழுதும் வசதியில்லாத சிறிய ஒப்பந்தக்காரர்கள் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது. எனவே முதலில் பெரிய பாலங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் கணக்குக் கேட்டு, சில ஆண்டுகள் கழித்து வரம்பு வைப்பதே நியாயம் என்பது என் எண்ணம்.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டாரா என்று ஆண்டவர் கேட்டதை (லூக் 14:28) அறிவோம். 'இறைவா உமக்கே புகழ்' என்ற 2015-ஆம் ஆண்டின் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் ஒன்றாகவே பார்த்தார். கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய பழைய பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது, மணலை அள்ளியதே காரணம் என்று ஊரே பேசியது. அந்தச் செலவை எந்தத் டெண்டரில் எழுதியிருந்தார்கள்?

நம் பங்குகளிலேயே பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்குள் ஆலய வளாகம் முழுவதும் கான்கிரீட் போட்டுவிட வேண்டும் என்ற பேச்சு பங்குப்பேரவையில் எழும்போது, எத்தனை மூட்டை சிமெண்ட், அதில் சாம்பல் கலந்தது எவ்வளவு, எந்த இடத்தை மண்ணாகவே விடலாம் என்று அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம்.