சேதனச் சூரியக் கலங்களும் புளரீன் வழிபாடும்

அறுபது காபன் அணுக்கள் பந்துபோல் இணைந்த புளரீன் மூலக்கூற்றைக் குறோற்றோ, கேள், ஸ்மோலி ஆகியோர் 1985இல் அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்திற் கண்டறிந்தனர். ஒளிபட்ட மின்கடத்தும் பல்பகுதியம் தன் இலத்திரனை இப்பந்திற்கு மிக விரைவாகக் கையளிக்கும் என்பது 1992இற் புலனாயிற்று. எளிதிற் கரையாத புளரீனுடன் பக்கக் கிளையொன்றை இணைத்துப் பி.சி.பி.எம். என்னும் பெறுதி ஆக்கப்பட்டது. 1995இல் ஹம்மெலன், ஹீகர் முதலியோர் இத்தகைய பெறுதிகளைப் பல்பகுதியத்தோடு கலந்தமைத்த கலம் சேதனச் சூரியக் கலத்துறைக்குப் புதுவழி வகுத்தது.

இச்சாதனையை எவரும் மறுப்பதற்கில்லை. மறுக்கப்பட வேண்டியது, சாதனை வழிபாடாக மாறியமையே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புதிய பல்பகுதியங்கள் பெரும்பாலும் புளரீன் என்னும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கப்பட்டன. அதன் குறைகளோ மறைந்திருந்தவை அல்ல. பி.சி.பி.எம். கட்புல ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும்; அதன் சத்தி மட்டங்களை வேண்டியவாறு மாற்றுதல் கடினம்; வெப்பத்தில் அது திரண்டு கலவையைக் குலைக்கும்; அதனைத் தூய்மையாக்குதலும் செலவு மிக்கது. மாற்று வாங்கிகளைத் தேடியோர் இருந்தனர்; ஆயினும் நெடுங்காலம் அவர்கள் துறையின் ஓரத்திலேயே நின்றனர்.

2015இற் சீனாவில் ஐ.ரி.ஐ.சி. என்னும் புளரீனல்லாத வாங்கி வெளிவந்தது. 2019இல் வை-6 என்னும் வாங்கி 15.7 சதவீத வினைத்திறனைத் தந்தது. புளரீன் கலங்களோ 12 சதவீதத்தின் அண்மையிலேயே தேங்கியிருந்தன.

பந்துவடிவப் புளரீன் எத்திசையிலும் இலத்திரனைக் கடத்தவல்லது என்றும், அதுவின்றி இத்துறையே வளர்ந்திராது என்றும் அதன் ஆதரவாளர் கூறுவர். அது உண்மையே. ஆனால், ஏணியின் பயன் ஏறுவதற்கேயன்றி அதிற் குடியிருப்பதற்கு அன்று.

இன்று வை-6இன் வழித்தோன்றல்கள் அதே பீடத்தில் அமர்த்தப்படுகின்றன. விக்கிரகம் மாறியதேயன்றி வழிபாடு மாறவில்லை. பறைசாற்றப்படும் சதவீதங்கள் பெரும்பாலும் விரல்நகமளவுக் கலங்களில், ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டவை. வெயிலிலும் ஈரத்திலும் அவை எத்தனை ஆண்டு தாங்கும்? பல படிகளிற் தொகுக்கப்படும் அம்மூலக்கூறு என்ன விலையாகும்? இவ்வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. நெகிழ்வான சேதனக் கலங்களை விற்க முனைந்த அமெரிக்காவின் கொனார்க்கா நிறுவனம் 2012இல் முறிவடைந்தமை மறக்கத்தக்கதன்று.

பத்திரிகைபோல் அச்சிடத்தக்க மலிவான மின்கலம் என்பதே இத்துறை உலகிற்கு அளித்த வாக்குறுதி. அது ஆய்வேட்டுக்கு அளித்த வாக்குறுதி அன்று. விளக்கற்ற வீட்டுக்கு அளித்தது. அவ்வீட்டின் கூரையே இனி உரைகல்லாதல் வேண்டும்.