இன்சூரன்ஸ் இல்லை என்பது பதில் அல்ல

தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு நிந்தவூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அரிசி மில்லில் பெல்ட் இழுத்துக்கொண்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார், ஒரு மூடை அரிசியும் அனுப்பினார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை வைத்துக் கொஞ்சக் காசைக் கொடுத்து, "இனி எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை" என்று கடுதாசியில் கையெழுத்து வாங்கினார். அந்தக் கையெழுத்து இடக்கையால் போட்டது.

"மில்லுக்கு இன்சூரன்ஸ் இல்ல, நான் என்ன செய்யிற?" என்றார் முதலாளி. "என்ட நஸீபு" என்று விதியின்மேல் போட்டார் விரல் இழந்தவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சட்டம் தெரியவில்லை.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், முதலாளி காப்புறுதி எடுத்தாரா என்று பார்ப்பதில்லை. வேலையினால், வேலையின்போது காயம் வந்ததா என்றே பார்க்கிறது. வந்திருந்தால் கொடுக்கவேண்டியவர் முதலாளி. அவருடைய கவனக்குறைவை நிரூபிக்கவும் தேவையில்லை. எந்த உறுப்பு போனால் எத்தனை வீத இழப்பு என்று அட்டவணையே இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சத்தை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக்கியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய கடுதாசி சட்டத்தின் முன் செல்லாது.

இன்னொரு வழி, கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. அங்கே முதலாளியின் கவனக்குறைவைக் காட்டவேண்டும். சட்டத்தரணிக்குக் காசும் வேண்டும், வருடக்கணக்கில் பொறுமையும் வேண்டும். இரண்டு கதவையும் ஒன்றாகத் தட்டமுடியாது; ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் எங்கள் ஊரில் இரண்டும் மூடியே கிடக்கின்றன.

பெல்ட்டுக்கு மறைப்புப் போடவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. அந்த மில்லில் மறைப்பு இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை.

மில்லாவது பரவாயில்லை, நாட்கூலி கணக்கில் இருக்கும். கடலுக்குப் போகிறவர் கதை வேறு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மீதி ஆட்களுக்கு. ஆழ்கடலில் கயிறு கையை அறுத்தால், "அவன் கூலிக்காரன் இல்ல, பங்காளி" என்று சம்மாட்டி சொல்லிவிடலாம். இலாபத்தில் பங்கு சிறிது, நட்டத்தில் கை முழுவதும் அவனுடையது. இப்படிப்பட்டவரை உங்கள் சட்டம் தொழிலாளியாக ஏற்குமா என்பதை எல்லோருக்கும் விளங்கும் தமிழில் அறிவியுங்கள்.

இன்னும் இரண்டு கேட்கிறேன். நிந்தவூர் ஆஸ்பத்திரியிலும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியிலும், காயத்துக்கு மருந்து கட்டும் இடத்திலேயே, ஒரு பக்கத் தமிழ் அறிவித்தல் ஒட்டுங்கள். இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் உரிமை உண்டு என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். ஆஸ்பத்திரித் துண்டையும் சம்பளக் கணக்கையும் கூட நின்றவரின் பெயரையும் பத்திரப்படுத்தச் சொல்வது இரண்டாவது வரி. கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு என்பது மூன்றாவது.

மற்றது, விசாரணை. சட்டத்தைப் பற்றி நான் சொன்னபோது, மில்லில் விரல்களை இழந்த அந்த மனிதர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அதுக்குக் கொழும்புக்குப் போகணுமா தம்பி?" இராப் பஸ்ஸுக்கான காசும், இழக்கும் ஒரு நாள் வருமானமும், மொழி தெரியாத கந்தோர்ப் படியும் அந்தக் கேள்விக்குள் இருந்தன. கூலியை வியர்வை காயுமுன் கொடுக்கவேண்டும் என்று குத்பாவில் கேட்டு வளர்ந்த ஊர் இது. விரலுக்கு உரியதை வாங்க ஒருவர் நாட்டின் மறுகரைக்குப் போகவேண்டியிருப்பது சரியா?

மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, கல்முனையில் உட்கார்ந்து விசாரியுங்கள். முதல் நாளே அவரை நான் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
நிந்தவூர்வாசி ஒருவன்