கொள்முதல் விதிகள் யார் கையில்?

2025 ஏப்ரல் 1 அன்று குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான வரையறை மாறியது. அதுவரை ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் 'நடுத்தர' வகைக்குப் போய்விடும். அன்று முதல் அந்த வரம்பு 100 கோடி. இயந்திரங்களில் போட்ட முதலீட்டுக்கான வரம்பும் 10 கோடியிலிருந்து 25 கோடியாக உயர்ந்தது. அம்பத்தூரிலோ ஓசூரிலோ 70 கோடி விற்றுமுதலில் உதிரிபாகம் செய்து தரும் ஒரு நிறுவனம், மார்ச் 31 வரை நடுத்தர நிறுவனமாக இருந்து, மறுநாளிலிருந்து சிறு நிறுவன வரம்புக்குள் வந்துவிட்டது.

இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்குப் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின் 15ஆவது பிரிவு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பொருளை வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாதபடி, 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவையும் சேர்த்தது.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் வாங்கும் நிறுவனத்தின் மென்பொருளில் அந்த சப்ளையரின் பெயருக்கு எதிரே '90 நாள்' என்று பதிவாகியிருந்தால், பில் 90ஆம் நாள்தான் பணப் பட்டுவாடா பட்டியலுக்கு வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர் நல்ல மனிதர்தான். சட்டமும் அவருக்குத் தெரியும். ஆனால் பட்டியலைத் தயாரிப்பது அவர் இல்லை. சம்பள நாளன்று 60 தொழிலாளர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தவிக்கும் சிறு முதலாளி, எந்த நாற்காலியின் முன் போய் நிற்பது?

கொள்முதல் முடிவுகளை இன்று பெருமளவுக்கு மென்பொருள்தான் எடுக்கிறது. அந்த முடிவுகளுக்கான விதிகளை யார் எழுதுகிறார்கள், யாரெல்லாம் படிக்க முடிகிறது என்பது தொழில்நுட்பப் பிரிவின் உள்விவகாரமாக இனியும் இருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

அட்டவணையாக மாறும் அனுபவம்

கொள்முதல் பிரிவின் ஒரு நாளைக் கூர்ந்து பார்த்தால், அது முழுக்க விதிகளால் ஆனது. தொழிற்கூடத்திலிருந்து பேரிங் கேட்டு ஒரு இண்டென்ட் வருகிறது. மதிப்பு 1,80,000 ரூபாய். ஸ்டோர்ஸில் இருப்பு இருக்கிறதா? விலை ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை கொட்டேஷன் வாங்க வேண்டும்? யார் கையெழுத்து? பொருள் வந்த பிறகு பர்ச்சேஸ் ஆர்டர், சரக்குப் பெற்ற ரசீது, பில் மூன்றும் ஒத்துப்போகின்றனவா? பில்லில் இருநூறு ரூபாய் கூடுதலாக இருந்தால் விட்டுவிடலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா?

இந்தக் கேள்விகளுக்கான பதில்களைப் பழைய மென்பொருள்கள் நிரலுக்குள்ளேயே புதைத்து வைத்தன. 50,000 என்ற ஒரு வரம்பு நிரலின் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். வரம்பு மாறினால் எல்லா இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் ஒரே இண்டென்ட் இரண்டு விதமாக நடத்தப்படும்.

ரூல்ஸ் என்ஜின் என்பது இதற்கான மாற்று. விதிகளை நிரலிலிருந்து பிரித்துத் தனியே, 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற வடிவில் வைக்கிறோம். "மதிப்பு 50,000க்குள், பொருள் ஸ்டேஷனரி, பட்ஜெட் மிச்சம் இருக்கிறது: கிளை மேலாளர் ஒப்புதல் போதும்." "மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், பொருள் அமிலம் அல்லது வெடிபொருள்: பாதுகாப்பு அதிகாரி ஒப்புதல் கட்டாயம்." இப்படி வரிவரியாக ஓர் அட்டவணை. வரும் ஒவ்வொரு இண்டென்டையும் இந்த அட்டவணையோடு பொருத்திப் பார்த்து என்ஜின் முடிவு சொல்கிறது. ஆயிரக்கணக்கான விதிகளை விரைவாகப் பொருத்திப் பார்க்கும் 'ரீட்' என்ற வழிமுறையை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஃபோர்கி 1970களில் உருவாக்கினார். இன்றைய என்ஜின்கள் பலவற்றின் வேர் அங்கேதான். முடிவு அட்டவணைகளை எழுதுவதற்கென்றே டிஎம்என் என்ற பொதுத் தரமும் 2015இல் வந்துவிட்டது.

இதன் உண்மையான பலன் வேகத்தைவிட, நிரல் தெரியாத ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் அட்டவணையைப் படித்து, "இந்த வரி தப்பு சார், டூல் ஸ்டீலுக்கு மூன்று கொட்டேஷன் கிடைக்காது, இரண்டு பேர்தான் விற்கிறார்கள்" என்று சொல்ல முடிவதுதான். இருபது ஆண்டு அனுபவம் பேசக்கூடிய இடம் அது. அந்த வாய்ப்பைக் கொடுக்காமல், அட்டவணையையும் புரோகிராமர் கையிலேயே விட்டுவிட்டால், இவ்வளவு செலவு செய்தும் பழைய நிலைதான்.

வரம்புகள் எவ்வளவு அடிக்கடி மாறுகின்றன என்பதற்கு மத்திய அரசின் ஜெம் இணையச் சந்தையே சாட்சி. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி அங்கே 50,000 ரூபாய் வரை எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்க முடிந்தது. 30 லட்சம் வரை குறைந்தது மூன்று உற்பத்தியாளர்களின் பொருள்களை ஒப்பிட்டு, விலை குறைந்ததை வாங்க முடிந்தது. 2019இல் இந்த வரம்புகள் 25,000, 5 லட்சம் என்று இறங்கின. பிறகு 50,000, 10 லட்சம் என்று ஏறின. ஒவ்வொரு விதிக்கும் 'இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை' என்ற குறிப்பு இல்லாவிட்டால், பின்னாளில் வரும் தணிக்கையாளர் 2018இல் நடந்த கொள்முதலை எந்த அளவுகோலால் அளப்பார்?

இரண்டு விதி மோதும்போது

சிக்கலான இடம் இதுதான். மத்திய அரசின் கொள்முதலில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 2012ஆம் ஆண்டு ஆணை ஒரு சலுகை தருகிறது. மிகக் குறைந்த விலை சொன்ன எல்-1 பெரிய நிறுவனமாக இருந்து, அந்த விலைக்கு மேல் 15 சதவீதத்துக்குள் ஒரு சிறு நிறுவனம் விலை சொல்லியிருந்தால், எல்-1 விலைக்கு இறங்கி வரச் சம்மதிக்கும் பட்சத்தில் அதற்கு ஆர்டரில் 25 சதவீதம் வரை தர வேண்டும். எல்-1 விலை 100 ரூபாய் என்றால், 112 சொன்ன சிறு நிறுவனம் உள்ளே. 116 சொன்னது வெளியே.

உள்நாட்டு உற்பத்திக்கு முன்னுரிமை தரும் 2017ஆம் ஆண்டு ஆணை இன்னொன்று. உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை சப்ளையர். எல்-1 அந்த வகையைச் சேராதவராக இருந்து, பிரித்துத் தரக்கூடிய பொருளாகவும் இருந்தால், பாதி ஆர்டர் எல்-1க்கு. மீதிப் பாதிக்கு, 20 சதவீத இடைவெளிக்குள் விலை சொன்ன முதல் வகை சப்ளையர் எல்-1 விலைக்கு இறங்கி வர அழைக்கப்படுவார்.

இப்போது ஒரே டெண்டரில் மூன்று பேர். 100 ரூபாய் சொன்ன எல்-1 முதல் வகை இல்லை. 112 சொன்னது சிறு நிறுவனம். 118 சொன்னது பெரிய நிறுவனம், ஆனால் முதல் வகை. யாரை முதலில் அழைப்பது? யாருக்கு எத்தனை சதவீதம்? இரண்டு ஆணைகளையும் தனித்தனியே படித்தால் விடை கிடைக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிப் பொருந்தும் என்று விளக்கி நிதி அமைச்சகம் 2023இல் தனிச் சுற்றறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

இரண்டு விதிகளும் பொருந்தும் இடத்தில் பல ரூல்ஸ் என்ஜின்கள் முன்னுரிமை எண்ணைப் பார்த்து முடிவு செய்கின்றன. அந்த எண்ணைத் தட்டச்சு செய்வது யார்? சுற்றறிக்கை வராத ஒரு மோதலில், மாலை ஆறு மணிக்குள் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய ஓர் இளம் மென்பொருள் ஊழியர், ஒன்றுக்கு 10, மற்றொன்றுக்கு 20 என்று போட்டுவிட்டுப் போகலாம். அவர் மீது குற்றமில்லை. ஆனால் அமைச்சரவை எடுக்க வேண்டிய கொள்கை முடிவு அங்கே எடுக்கப்பட்டுவிட்டது. எந்தக் கோப்பிலும் அது இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு வரிகள் பொருந்துகின்றனவா, எந்த வரியும் பொருந்தாத இடைவெளி இருக்கிறதா என்று அட்டவணையைச் சோதிக்கும் வசதி நல்ல கருவிகளில் உண்டு. மோதல் தெரிந்தால் என்ஜின் நின்று, அதிகாரியிடம் கேட்க வேண்டும். தானாக முடிவெடுக்கக் கூடாது.

விதிகள் பெருகப் பெருக இந்த ஆபத்தும் பெருகும். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம், வாடிக்கையாளர் கேட்கும் கணினிக்குத் தேவையான பாகங்கள் ஆர்டரில் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க எக்ஸ்கான் என்ற அமைப்பை 1980 முதல் பயன்படுத்தியது. வணிகத்தில் வென்ற முதல் பெரிய விதி அமைப்புகளில் அது ஒன்று. சில நூறு விதிகளோடு தொடங்கி, பத்தாயிரத்தைத் தாண்டியது. புதிய பாகங்கள் வரவர ஆண்டுதோறும் விதிகளைத் திருத்துவதற்கே ஒரு குழு உழைத்தது. ஒரு விதியைத் தொட்டால் வேறெங்கே இடிக்கும் என்று தெரியாத நிலை, மேதைகள் கூடிய அந்த நிறுவனத்துக்கே பெரும் பாடாக இருந்தது.

விதி முதலில், கணினி பிறகு

இதற்கு நல்ல முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துக் கொள்முதலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. எந்தெந்த மருந்து வாங்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதன் ஆண்டு ஒதுக்கீடு அதில் இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். மாவட்டக் கிடங்குகளின் இருப்பு கணினியில். வந்த மருந்தின் மாதிரி, தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும். தேறினால்தான் மருத்துவமனைக்கு விநியோகம்.

இந்த ஏற்பாட்டில் எந்த விதியும் ரகசியம் இல்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநருக்கும் தன் பாஸ்புக்கில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். கணினி அந்த விதிகளை நிறைவேற்ற உதவியது; விதிகளை அது உருவாக்கவில்லை. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றியது இந்தத் தெளிவைத்தான்.

என்ஜின் செய்யத் தகுந்த வேலைகள் நிறைய உண்டு. பெரிய தேவையைச் சிறு சிறு ஆர்டராக உடைத்து மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்க்கக் கூடாது என்கிறது பொது நிதி விதிகளின் 157ஆவது விதி. ஒரே பிரிவு, ஒரே பொருளை, ஒரே வெண்டரிடம் ஒரே மாதத்தில் 49,500 ரூபாய்க்கு நான்கு முறை வாங்கியிருந்தால், மனிதக் கண்ணுக்குத் தப்பலாம், என்ஜினுக்குத் தப்பாது. ஆனால் கண்டுபிடிப்பதோடு அது நிற்க வேண்டும். டெங்கு பரவும் வாரத்தில் பரிசோதனைக் கிட்டை நான்கு முறை வாங்கியதற்கு நியாயமான காரணம் இருக்கும். அதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு மனிதர் வேண்டும், அவர் பெயரும் காரணமும் பதிவாக வேண்டும்.

விதிகளை வெளியிட்டால் ஏமாற்றுபவர்களுக்கு வழி காட்டியதாகிவிடும் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. எத்தனை நாள் இடைவெளியை என்ஜின் கண்காணிக்கிறது என்பதை வெளியிட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் தகுதியானவர், யாருக்கு முன்னுரிமை, எதற்காக நிராகரிப்பு என்ற விதிகளை மறைக்க எந்த நியாயமும் இல்லை. மென்பொருள் நிறுவனம் தன் நிரலைத் தன் சொத்து என்று சொல்லலாம். விதி அரசுடையது.

அரசு அலுவலகம் தன் பணிக்குப் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுறுத்தல்களையும் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு சொல்கிறது. காகிதத்தில் இருந்த விதி கணினிக்குள் போய்விட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. தமிழ்நாடு அரசு தன் மின்கொள்முதல் தளத்தில் இயங்கும் தகுதி விதிகளையும் மதிப்பீட்டு விதிகளையும், நடைமுறைக்கு வந்த தேதியோடு, தமிழில் வெளியிட வேண்டும். நிராகரிப்பு ஒவ்வொன்றிலும் எந்த விதியின்படி என்ற எண் இருக்க வேண்டும். தனியார் பெருநிறுவனங்களும் தங்கள் சப்ளையர்களுக்கு இந்த ஒரு வரியைக் கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.

சிறுதொழில் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப்) பதிவில் உள்ள வகை இப்போது என்ன என்று பார்த்து, மாறியிருந்தால் உங்களிடம் வாங்கும் நிறுவனங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வெண்டர் பதிவில் திருத்தியதற்கு ஒப்புகை வாங்குங்கள். அரசு டெண்டரில் 'தகுதியில்லை' என்று மட்டும் பதில் வந்தால், எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(டி) பிரிவு அரசு அலுவலகத்தைக் கட்டாயப்படுத்துகிறது.